ஸ்கோப்பின் ஜூம் வளையத்துக்குக் கைப்பிடி போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தோப்பில், ஏர் ரைஃபிளின் மேல் மாட்டிய ஸ்கோப்பில் (குறி பார்க்கும் தொலைநோக்கி), 25 மீட்டரில் தொங்கும் தகரத்தை 4 பவரில், அதாவது நான்கு மடங்கு பெரிதாக்கி, தேடிப் பிடித்தேன். கன்னத்தை ஸ்டாக்கிலிருந்து (ரைஃபிளின் பின்கட்டையிலிருந்து) எடுக்கவில்லை. வலது கட்டைவிரலால் ஜூம் வளையத்தில் மாட்டியிருக்கும் லீவரை ஒரு தள்ளு. ஜூம் 12-க்குப் போய் நின்றது, தகரம் அதே இடத்தில் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு தள்ளலுக்காக மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூன்று வளையம், ஒரு ஹோஸ் கிளாம்ப், 980 ரூபாய் செலவாகியிருக்கிறது.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். குழலை மடக்கி லோடு செய்யும் சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், 0.177 அங்குலத் துளை. 20 ஜூலுக்குள் சக்தி இருந்தால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. தோப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு இருக்கிறது. அதற்கு முன்னால் 10, 18, 25 மீட்டரில் தகர வட்டங்களைத் தொங்கவிட்டுச் சுடுவோம். "குருவி சுடவா?" என்று கேட்காத பக்கத்துத் தோட்டக்காரர் கிடையாது. இல்லைங்க, தகரம்தான்.

ஸ்கோப் 4-12×40 (4 முதல் 12 மடங்கு ஜூம், முன் லென்ஸ் 40 மி.மீ.), முன்பக்கம் தூரத்துக்கு ஏற்றபடி ஃபோகஸ் திருப்பும் ஏஓ வகை. கண்ணாடியில் குறையில்லை. ஜூம் வளையம்தான் கல். உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியானதா, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுக்கமா தெரியாது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து கவ்வித் திருகினால்தான் அசையும். அப்படித் திருகும்போது ரைஃபிளும் சேர்ந்து சாயும். 12 பவரில் பார்வைப் பரப்பு மிகச் சிறியது. ஒருமுறை தகரம் நழுவிவிட்டால், தென்னை மரத்தண்டாகத் தெரிவதில் எது என் மரம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்பிரிங் ரைஃபிளை இடது உள்ளங்கையில் தளர்வாக வைத்துத்தான் சுட வேண்டும், இல்லாவிட்டால் குறி சிதறும். அதனால் அந்தக் கையை எடுக்க முடியாது. ஐம்பதைத் தாண்டிய என் வலது கட்டைவிரல் மூட்டு வேறு காலையில் ஒத்துழைக்காது.

ரெடிமேடாகவே த்ரோ லீவர் கிடைக்கிறது. ஜூம் வளையத்தின் மேல் மாட்டும் ஒரு பட்டை, அதிலிருந்து கிளம்பும் ஒரு குமிழ். ஆனால் ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் அளவு வேறு. என் ஸ்கோப்புக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை, கூரியரோடு விலை 3,000-ஐத் தாண்டியது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு வளையத்துக்கு 3,000 கொடுப்பதா என்று ரோஷம் வந்துவிட்டது.

முதல் முயற்சியைச் சொல்லவே கொஞ்சம் வெட்கம். டூவீலர் உதிரிபாகக் கடையில் 40 ரூபாய்க்கு ஒரு ஹோஸ் கிளாம்ப் வாங்கினேன். ஸ்குரூ திருகினால் பட்டை இறுகுமே, அது. ஸ்குரூ இருக்கும் மேடே கைப்பிடியாகிவிடும் என்பது கணக்கு. அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சுற்று. மாட்டி, வழுக்காமல் இருக்கட்டும் என்று நன்றாக இறுக்கினேன். ஜூம் வளையம் முழுசாக நின்றுபோனது. வளையம் மெல்லிய அலுமினியம். அதை வெளியிலிருந்து நெருக்கினால் உள்ளே இருக்கும் குழாயைக் கவ்விக்கொள்கிறது. அது புரியாமல், இறுக்கமாக இருக்கிறதே என்று ஸ்குரூடிரைவரை நெம்புகோலாக வைத்துத் தள்ளப் பார்த்தேன். நல்லவேளை, பாதியில் நிறுத்தினேன். ஜூம் வளையத்தையும் உள்ளே லென்ஸை நகர்த்தும் குழாயையும் இணைப்பது ஒரு சின்ன ஸ்குரூ. அது ஒடிந்தால் வளையம் சும்மா சுற்றும், லென்ஸ் அசையாது. ஸ்கோப் அதோடு முடிந்தது.

கிளாம்ப்பைத் தளர்த்தியதும் வளையம் பழையபடி சுற்றியது. பட்டையின் ஓரம் பெயிண்டில் ஒரு அரைவட்டக் கீறல் போட்டிருந்தது. அது இப்போதும் இருக்கிறது, புது வளையத்துக்கு அடியில்.

அப்புறம்தான் ஒழுங்காக அளக்க உட்கார்ந்தேன். ரைஃபிள் காலி, குழல் மடக்கவில்லை, வைஸில் துணி சுற்றிப் பிடித்தாயிற்று. டிஜிட்டல் வெர்னியரில் ஜூம் வளையத்தின் குறுக்களவு ஒருமுறை 44.1, ஒருமுறை 43.2, ஒருமுறை 43.7 என்று வந்தது. வளையத்தில் பிடிப்புக்காக நீளவாக்கில் வரிகள் இருக்கின்றன. வெர்னியரின் தாடை ஒருமுறை மேட்டில், ஒருமுறை பள்ளத்தில் உட்காருகிறது. இதற்கு வெர்னியரைவிடக் காகிதம் மேல். அரை அங்குலக் காகிதப் பட்டையை மேடுகளின் மேல் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் பிளேடால் கீறி, பிரித்து ஸ்கேலில் வைத்தேன். 138 மில்லிமீட்டர். 3.1416-ஆல் வகுத்தால் 43.9. சரி, 44 என்று எழுதிக்கொண்டேன்.

காகிதப் பட்டையைச் சுற்றியபோது ஒரு முனை மறுமுனையின் மேல் நேராக உட்காராமல் லேசாகச் சாய்ந்து விலகியது. அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. நேரான உருளையைச் சுற்றினால் காகிதத்தின் ஓரங்கள் நேராகச் சேரும், கூம்பைச் சுற்றினால்தான் விலகும். அந்த விலகலைக் கவனித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

பீளமேட்டில் 3டி பிரின்ட் போட்டுத் தரும் பையன் ஒருவன் இருக்கிறான். கம்ப்யூட்டரில் நானே வரைந்து கொடுத்தேன். 'சி' வடிவ வளையம், வெட்டின வாயில் இரண்டு காது, காதுகளை இழுத்துப் பிடிக்க ஒரு எம்3 (3 மி.மீ.) அலன் போல்ட், எதிர்ப்பக்கம் லீவர். அகலம் 12 மி.மீ. உள்ளே சைக்கிள் டியூப் லைனிங். டியூப் கனம் 0.9. எனவே உள்விட்டம் 44.9 போட்டேன். கவனித்தீர்களா? ரப்பர் இரண்டு பக்கமும் இருக்கும், 0.9-ஐ இரண்டு முறை கூட்ட வேண்டும். பத்தாவது வகுப்புப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அதோடு பிரின்டரில் உள்விட்டம் எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும், எனக்கு 0.25 குறைந்திருந்தது. ரப்பரை உரித்துப் போட்டு, வெறும் பிளாஸ்டிக்காகத்தான் மாட்ட முடிந்தது.

மாட்டினாலும் திரும்பவில்லை. 4-லிருந்து கிளம்பி 7 வரை போய் 'டக்' என்று நின்றது. லீவர் எதிலும் இடிக்கவில்லை. ரைஃபிளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், போல்ட் காதுகள் அடியில் போய் ரைஃபிளின் குழாய் உடம்பில் இடித்து நிற்கின்றன. லீவருக்கு எங்கே இடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தவன், வளையம் சுற்றினால் காதும் சுற்றும் என்பதை மறந்திருந்தேன். ஜூம் வளையத்துக்கும் ரைஃபிள் உடம்புக்கும் இடைவெளி 14 மி.மீ., காதின் உயரம் 16. முதல் பிரின்டுக்கு 180 ரூபாய் தெண்டம்.

இரண்டாவது வரைபடத்தில் காதை 9 மி.மீ. ஆக்கினேன், உள்விட்டத்தை 46.1 ஆக்கினேன். பிரின்டர் அதை 45.9-க்குக் கொண்டுவந்து கொடுத்தது. நட்டு உட்கார 5.5 மி.மீ. அறுகோணக் குழி, அதில் நைலான் பிடிப்புள்ள எம்3 நட்டு. லீவரின் இருப்பிடத்தையும் மாற்றினேன். என் ஸ்கோப்பில் 4-லிருந்து 12 வரை கிட்டத்தட்ட அரை வட்டம். 4 பவரில் லீவர் இடப்பக்கம் படுத்திருந்து, தலைக்கு மேல் வழியாக 12-ல் வலப்பக்கம் படுக்கும்படி வைத்தேன். நடுவில் நிமிர்ந்து நிற்கும்போது பார்வையை மறைக்குமோ என்று சந்தேகம் இருந்தது. மறைக்காது. கண் பார்க்கும் லென்ஸ் லீவருக்குப் பின்னால்தானே இருக்கிறது. குழலை மடக்கும் வகை என்பதால், குண்டு போட இழுக்கும் போல்ட் கைப்பிடி இடிக்க இதில் கிடையாது. போல்ட் உள்ள ரைஃபிள் வைத்திருப்பவர்கள் 12 பவர் நிலையில் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இது வேலை செய்தது. மூன்று வாரம் ராஜா மாதிரி இருந்தேன். ஒன்றிரண்டு தொந்தரவு மட்டும். அறுபது எழுபது பெல்லட் (சிறு ஈயக் குண்டு) சுட்டதும் வளையம் தானாக முன்னால் நகர்ந்து ஜூம் வளையத்திலிருந்து பாதி வெளியே நிற்கும். ஸ்பிரிங் ரைஃபிளின் உதைப்பு இரண்டு திசையிலும் உண்டு. பிஸ்டன் கிளம்பும்போது பின்னால் ஒரு தள்ளு, அது போய் முட்டும்போது முன்னால் ஒரு வெட்டு. சாதாரண ஸ்கோப்புகளையே உடைக்கும் உதைப்பு அது. அதனால் தளர்கிறது என்று நினைத்து, தள்ளிவிட்டு இறுக்கி, தள்ளிவிட்டு இறுக்கி ஓட்டினேன்.

மே இரண்டாம் வாரம் தோப்பிலிருந்து திரும்பும்போது கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ரைஃபிள் பையோடு காரின் பின்சீட்டில், கார் வெயிலில், மூன்று மணி நேரம். வந்து பையைத் திறந்தால் லீவர் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. வளையம் வாய் விரிந்து, போல்ட் சும்மா தொங்கியது. பையன் போட்டுத் தந்தது பிஎல்ஏ. 60 டிகிரி வாக்கில் இளகிவிடும் பிளாஸ்டிக். மே மாத வெயிலில் மூடின காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிஇடிஜி என்றால் 80 வரை தாங்கும், ஏபிஎஸ் 100-ஐத் தாண்டியும் நிற்கும். ஆனால் அதற்குள் எனக்குப் பிளாஸ்டிக்கே வெறுத்துவிட்டது.

வளைந்ததை எடுத்துக்கொண்டு கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஏனுங்க, இது பைப் கிளாம்ப்புங்களா?" என்றார். ஸ்கோப்பையே காட்டினேன், ரைஃபிளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி, ஜூம் வளையத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். அளக்கவில்லை, தடவினார். "டேப்பர் இருக்குதுங்களே. பின்னால பெருசு, முன்னால சின்னது. நேர் துளை போட்டா எப்படிங்க நிக்கும்? முன்னால தானுங்க ஓடும்."

வெர்னியரைக் கொடுத்து மேடுகளில் மட்டும் படும்படி இரண்டு ஓரத்திலும் அளக்கச் சொன்னேன். பின் ஓரம் 44.1, முன் ஓரம் 43.5. பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள் 0.6 வித்தியாசம். என் 43.9 நடுவில் எங்கேயோ. மூன்று வாரமாக முன்னால் ஓடிக்கொண்டிருந்ததற்கும், காகிதப் பட்டையின் முனை விலகியதற்கும் காரணம் ஒன்றே.

60 மி.மீ. அலுமினிய ராடில் மிச்சத் துண்டு ஒன்று அவரிடமே இருந்தது, 150 ரூபாய். 12 மி.மீ. அகலத்துக்கு ஒரு வில்லை வெட்டினார். லேத்தின் வெட்டுளியை நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடை ஒன்றரை டிகிரி சாய்த்து உள்ளே போரிங் போட்டார். பெரிய பக்கம் 45.9, சின்ன பக்கம் 45.3. இந்தத் தடவை 0.9-ஐ இரண்டு முறை கூட்டியிருந்தேன். ஸ்கோப்பின் கண் பக்க உடம்பு 42.5 மட்டுமே என்பதால் வளையத்தைப் பின்னாலிருந்து அப்படியே நுழைக்கலாம். அது தடிமனாக உள்ள ஸ்கோப் என்றால் வளையத்தை இரண்டு பாதியாகச் செய்வதைத் தவிர வழியில்லை.

காது வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுவர் கனம் 7 மி.மீ. இருப்பதால் போல்ட்டைச் சுவருக்குள்ளேயே குறுக்காக இறக்கலாம். ஒரு பக்கம் போல்ட் தலை புதைய 5.5-க்குக் கொஞ்சம் கூடுதலான குழி, மறுபக்கம் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 டேப் (மரை வெட்டும் கருவி). ஆக்சா பிளேடு இரண்டைச் சேர்த்துக் கட்டி வாயை அறுத்தார், 2 மி.மீ. இடைவெளி கிடைத்தது. போல்ட்டை மாட்டி இறுக்கினால் வாய் மூடவே இல்லை. 7 மி.மீ. அலுமினியத்தை ஒரு எம்3 போல்ட் வளைத்துவிடுமா? எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் வளையத்தைத் திருப்பி வைஸில் வைத்து, வாய்க்கு நேர் எதிரே வெளிப்பக்கத்திலிருந்து 4 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டார். கீல் மாதிரி ஆகிவிட்டது. "இப்ப இறுக்குங்க." வாய் மூடியது. இந்த ஒரு வெட்டுக்கே அவர் வாங்கிய 400 ரூபாய் கூலி தகும்.

லீவர் தனித் துண்டு. 8 மி.மீ. அலுமினியக் கம்பி, நுனியில் நர்லிங் (பிடிப்புக்கான சொரசொரப்பு), அடியில் எம்5 மரை. வளையத்தில் 4.2 துளை போட்டு எம்5 டேப் அடித்தோம். கழற்றி மாட்டலாம் என்பதால் ரைஃபிள் பையின் ஜிப்பில் சிக்காது. நீளம் 30 போட்டது என் ஆசை. மாட்டிப் பார்த்தால் விளக்குக் கம்பம் மாதிரி இருந்தது, குழலை மடக்கும்போது சட்டை பொத்தானில் மாட்டியது. வீட்டில் அறுத்து 20 ஆக்கி, அரத்தால் தேய்த்து, எமரி பேப்பர் போட்டேன். நீளம் குறைந்தாலும் போதும். முன்பு மையத்திலிருந்து 22 மி.மீ. தூரத்தில் விரல் வைத்துத் திருகியதை இப்போது 50 மி.மீ. தூரத்தில் தள்ளுகிறேன். பாதிக்கும் குறைவான பலம். கடைசியில் ஜூம் நிற்கும் இடத்திலும் அதே கணக்குத்தான். அங்கே தட்டி நிறுத்தக் கூடாது, மெதுவாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

உள்ளே லைனிங்குக்கு முதலில் கரண்ட் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தேன். வெயிலில் பசை இளகி வளையம் வழுக்கியது. சைக்கிள் டியூபே சரி. 12 மி.மீ. பட்டை, ஓரங்களைச் சேர்த்து வைக்காமல் வளையத்தின் வாய் வரும் இடத்தில் 3 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது ரப்பர் வாயில் பிதுங்கும். போல்ட்டுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் என்னிடம் இல்லை. அலன் கீயின் குட்டை முனையை இரண்டு விரலால் பிடித்து, கால் சுற்றுக்கு ஒருமுறை ஜூமைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறுக்கினேன். ஜூம் கனக்கத் தொடங்கிய இடத்திலிருந்து கால் சுற்று பின்வாங்கி நிறுத்தினேன்.

புது வளையம் 6, 8 என்ற எண்களை மறைத்துவிட்டது. மகளின் வெள்ளை நெயில் பாலிஷில் 4, 8, 12-க்குப் புள்ளி வைத்தேன். இன்னொரு புள்ளி சிவப்பு. என் ஸ்கோப்பில் ஜூம் மாறினாலும் குறுக்கு வரி அதே அளவில்தான் இருக்கும். அதனால் அந்த வரியிலுள்ள மில்-டாட் எனும் அளவுப் புள்ளிகளின் இடைவெளி ஏதோ ஒரு பவரில் மட்டுமே சரியாக இருக்கும். மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 20 மீட்டரில் ஒரு மில் என்பது 20 மில்லிமீட்டர். காகிதத்தில் 20 மி.மீ. இடைவெளியில் தடித்த கோடுகள் போட்டு மண்மேட்டில் ஒட்டிவிட்டு, லீவரை மெல்ல நகர்த்தி, புள்ளிகளும் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இடத்தைத் தேடினேன். 10 பவரில் உட்கார்ந்தது. சிவப்புப் புள்ளி அங்கே. லீவர் இல்லாத காலத்தில் இந்தச் சோதனையைச் செய்யப் பொறுமையே வந்ததில்லை.

ஸ்கோப்பைக் கழற்றி மாட்டியதால் ஜீரோ மறுபடி வைக்க (குறுக்கு வரி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்ய) வேண்டியிருந்தது, அதற்கு ஒரு டப்பாவில் பாதி பெல்லட் போனது. அப்புறம் 20 மீட்டரில் 4 பவரில் ஐந்து, 12 பவரில் ஐந்து சுட்டேன். இரண்டு குவியலின் மையமும் 6 மி.மீ. தள்ளியிருக்கின்றன. லீவரால் வந்ததா, ஸ்கோப்பின் குணமா என்று பார்க்க வளையத்தைக் கழற்றிவிட்டு அதையே செய்தேன். அதே 6. ஸ்கோப்பின் குணம்தான். நான் 12-ல் ஜீரோ வைத்துக்கொண்டேன், 4 பவரைத் தேட மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இருநூறு பெல்லட்டுக்கு மேல் ஆகிவிட்டது, வளையம் ஒரு இம்மியும் முன்னால் ஓடவில்லை. கனம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. வளையம் மட்டும் 40 கிராம் பக்கம். அடுத்த முறை லீவர், போல்ட் வரும் இடங்களில் மட்டும் 7 மி.மீ. விட்டு மற்ற இடத்தைச் சுரண்டிவிடச் சொல்வேன். பிளாஸ்டிக்கை அளவு பார்க்க மட்டும், ஒரே ஒரு பிரின்ட். நண்பருக்கும் இப்போது ஒன்று வேண்டுமாம். அவர் ஸ்கோப்பின் கண் பக்கம் ஜூம் வளையத்தைவிடத் தடிமன், இரண்டு பாதியாகத்தான் செய்தாக வேண்டும். காகிதப் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன், அதுவும் விலகித்தான் நின்றது.